சிரட்டையளவு குழி: கோல்ஃபில் புட்டிங் ஏன் முக்கியம்?

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை காலை. நாகர்கோவிலில் எங்கள் தெருவில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து கோல்ஃப் பார்த்த முதல் நாள் அது. அநேகமாகக் கடைசி நாளும் அதுதான். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருக்காரி அதிதி அசோக் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் (மட்டையால் அடிக்கும் அடிதான் கணக்கு; குறைவாக அடித்தவர் ஜெயிப்பார்) பதக்கத்தைத் தவறவிட்டு நாலாவதாக வந்தார். சாயங்காலமே நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்க, கோல்ஃபை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஆனால் அன்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி கேட்ட கேள்வி என் மனதில் நின்றுவிட்டது: “அந்தப் பிள்ளை மத்தவளுவ அளவுக்குத் தூரமா அடிக்கல்லியே, பின்ன எப்படி நாலாவது வந்திச்சு?”

நியாயமான கேள்வி. அதிதி தூரமாக அடிப்பவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவருடைய பலம் புட்டிங், அதாவது கடைசியில் பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் போடுவது. அது என்ன, புதிதாக ஆடுகிற சாதாரண ஆட்டக்காரருக்கு அது எதற்கு என்பதைப் பற்றி இரண்டு தப்பான எண்ணங்கள் உலவுகின்றன. கோல்ஃப் என்றால் ஓங்கி அடிப்பது, கடைசியில் தட்டுவது சில்லறை வேலை என்பது ஒன்று. கொஞ்சம் ஆடிப் பார்த்தவர்கள் சொல்வது இதற்கு நேர்மாறு: ஆட்டமே புட்டிங்தான், மற்றதெல்லாம் பகட்டு. இரண்டுமே பாதி உண்மை.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. எழுதுவது புட்டிங் என்றாலும் சொல்லும்போது ‘பட்டிங்’ என்று வரும். புட்டு என்றால் எங்கள் மாவட்டத்தில் பயறும் பப்படமும் சேர்ந்த காலைச் சாப்பாடு. அதனால் இந்தச் சொல்லைக் கேட்டதும் வீட்டில் சிரிக்காதவர்கள் கிடையாது.

கோலியிலிருந்து தொடங்குவோம்

குழி தோண்டி கோலி ஆடியவர்களுக்கு கோல்ஃபின் பாதி ஏற்கெனவே தெரியும். தூரத்துக் கோட்டிலிருந்து குழியை நோக்கி உருட்டுவோம். விழுந்தால் நல்லது. விழாவிட்டால், குழியை ஒட்டி நின்றவன் பாடு சுகம். குழியைத் தாண்டி வேலியோரம் ஓடியவன் பாடு திண்டாட்டம். ‘விழுந்ததா’ என்பதைவிட ‘எங்கே நின்றது’ என்பதுதான் அநேக ஆட்டங்களை முடிவு செய்யும்.

கோல்ஃபில் அந்தக் கோடு குழியிலிருந்து நூறு முதல் ஐந்நூறு மீட்டர் வரை தள்ளி இருக்கும். அங்கிருந்து பந்தை வானத்தில் பறக்கவிட்டுக் குழிப் பக்கம் கொண்டுவருவது முதல் வேலை. குழியைச் சுற்றிப் புல்லைச் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டி, உருளை ஓட்டிச் சமன்படுத்திய பரப்புக்குப் பெயர் கிரீன். அந்தக் கிரீனில் பந்தைத் தூக்காமல் தரையோடு உருட்டுவது புட்டிங். அதற்கென்றே உள்ள, முகம் ஏறக்குறைய நேராக நிற்கும் மட்டை புட்டர். ஒரு தடவை உருட்டினால் அது ஒரு புட்.

கேரம் ஆடுபவர்களுக்கு இன்னும் எளிதாகப் புரியும். முதல் அடியில் காய்களைச் சிதறடிப்பவனைப் பார்த்துக் கூட்டம் கைதட்டும். ஜெயிப்பது, பாக்கெட் ஓரத்தில் நிற்கும் காயைப் பிசகாமல் உள்ளே தள்ளுகிறவன்.

கணக்குப்படி பாதி ஆட்டம்

ஒவ்வொரு குழிக்கும், நன்றாக ஆடுபவர் இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். அது பார். குட்டையான குழிக்கு 3, நடுத்தரத்துக்கு 4, நீளமானதற்கு 5. இந்த எண்ணை வைக்கும்போதே குழிக்கு இரண்டு புட் என்று சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். 18 குழிகள், மொத்தம் பார் 72 என்றால் அதில் 36 புட். சரிபாதி.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒரு சுற்றில் சராசரியாக 29 புட் அளவில் முடித்துவிடுவார்கள். என் கதை வேறு. திருவனந்தபுரம் கவடியாரில் ஒன்பது குழி கொண்ட பழைய கோல்ஃப் மைதானம் இருக்கிறது. நாகர்கோவில்காரனுக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான். நண்பர் ஒருவர் தயவில் அங்கே முதல்முறை முழுதாக ஒன்பது குழி ஆடியபோது மொத்தம் 61 அடி. அதில் 24 புட். மூன்று குழிகளில் இரண்டிரண்டு, ஆறு குழிகளில் மூன்று மூன்று. முதல் கிரீனில் என் பந்து குழியைத் தாண்டி மறுபுறம் ஓடியபோது கூட வந்த கேடி, அதாவது பையைத் தூக்கிக்கொண்டு யோசனையும் சொல்கிற துணையாள், “பைய, பைய சாரே” என்றார். எல்லைக்கு இந்தப் பக்கமும் அதே சொல்தான் என்பதால் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஒரு குழிக்கு மூன்று புட் போடுவதை த்ரீ-புட் என்பார்கள். எனக்கு அன்று ஆறு த்ரீ-புட். எல்லாவற்றையும் இரண்டில் முடித்திருந்தால் 61 என்பது 55 ஆகியிருக்கும். தோள் வலிமையோ புது மட்டையோ இதற்கு வேண்டாம்.

இதுவரை சொன்னதன் சாரம்: புட் என்பது கிரீனில் உருட்டுவது. பார் கணக்கில் பாதி அதுதான். கற்றுக்குட்டியின் நஷ்டம் பெரும்பாலும் மூன்றாவது புட்டில் இருக்கிறது.

‘எல்லாமே புட்டிங்தான்’ என்பதும் சரியில்லை

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அடிகளில் பாதி புட் என்றால், நல்ல ஆட்டக்காரருக்கும் மோசமான ஆட்டக்காரருக்கும் உள்ள வித்தியாசத்திலும் பாதி புட்டிங்தானே? இல்லை. ஒரு குடும்பத்தின் செலவில் பெரும்பகுதி அரிசி, காய்கறிக்குப் போகலாம். ஆனால் பணக்கார வீட்டையும் ஏழை வீட்டையும் பிரித்துக் காட்டுவது அரிசிச் செலவு கிடையாது.

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, ஏராளமான ஆட்டங்களின் ஒவ்வொரு அடியையும் பதிவுசெய்து இதைக் கணக்கிட்டார். அவர் கணக்குக்கு ஆங்கிலத்தில் ஸ்ட்ரோக்ஸ் கெயின்டு என்று பெயர். நாம் ‘அடி லாபம்’ என்று வைத்துக்கொள்ளலாம். வழக்கமாக ஒரு மணி நேரம் ஆகிற பஸ் பயணம் ஐம்பது நிமிடத்தில் முடிந்தால் பத்து நிமிடம் லாபம் அல்லவா? அதே மாதிரி. தொழில்முறை ஆட்டக்காரர்கள் சுமார் இரண்டரை மீட்டர் தூரப் புட்டில் இரண்டில் ஒன்றைத்தான் உள்ளே போடுகிறார்கள். அதாவது அங்கிருந்து சராசரி ஒன்றரை புட். ஒன்றில் முடித்தவருக்கு அரை அடி லாபம், இரண்டு எடுத்தவருக்கு அரை அடி நஷ்டம். 2011 முதல் அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றான பிஜிஏ டூர் புட்டிங்கை இந்த முறையில் அளந்து வருகிறது.

அந்தக் கணக்கின் முடிவு பலருக்கு அதிர்ச்சி. நல்லவருக்கும் சுமாரானவருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, நூறு கெஜத்துக்கு வெளியிலிருந்து அடிக்கும் அடிகளில் வருகிறது. மிச்சம் ஒரு பங்கைத்தான் புட்டிங், குழியருகிலிருந்து தூக்கிப்போடும் சின்ன அடிகளுடன் பங்கிட்டுக்கொள்கிறது.

அப்படியானால் எதற்கு இந்தக் கட்டுரை என்று கேட்கலாம். அந்தப் பெரிய பங்கைச் சம்பாதிக்க மைதானம் வேண்டும், பயிற்சியாளர் வேண்டும், வருடங்கள் வேண்டும், நாற்பது தாண்டிய முதுகு ஒத்துழைக்க வேண்டும். புட்டிங் பங்கு சிறியதுதான். ஆனால் ஒரு ஜமுக்காளத்தின் மேல் சம்பாதித்துவிடலாம். குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கோல்ஃப் ஆசைப்படுகிறவனுக்கு வேறு என்ன வழி?

பந்து உண்மையில் எப்படி ஓடுகிறது

இனி இயந்திரத்துக்குள் போவோம். பலரும் தவறவிடுகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கேரம் ஸ்ட்ரைக்கர் சறுக்கிக்கொண்டு போகும். கோலி உருண்டு போகும். புட்டர் தொட்ட கோல்ஃப் பந்து இரண்டையும் செய்கிறது. முதலில் ஸ்ட்ரைக்கர் மாதிரிச் சறுக்குகிறது. புல்லின் உராய்வு அதைப் பிடித்துத் திருப்ப, கொஞ்ச தூரத்தில் கோலி மாதிரி உருள ஆரம்பிக்கிறது. சுழற்சியே இல்லாமல் கிளம்பிய பந்து முழுதாக உருளத் தொடங்கும்போது அதன் வேகம் ஆரம்ப வேகத்தில் ஏழில் ஐந்து பங்காகக் குறைந்திருக்கும். அதன்பின் புல் சிறிது சிறிதாக வேகத்தைத் தின்று பந்தை நிறுத்துகிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் பந்து இரண்டு மடங்கு தூரம் போகாது, நாலு மடங்கு போகும். தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பின்தொடர்கிறது. இரு சக்கர வண்டியில் முப்பதில் போகும்போது பிரேக் போட்டு நிறுத்துவதற்கும் அறுபதில் நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். விதி ஒன்றுதான்.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குழி 10 மீட்டர் தள்ளி இருக்கிறது, தரை சமம். திசையில் ஒரு டிகிரி பிசகினால் பந்து குழியை அடையும்போது 17 சென்டிமீட்டர் விலகியிருக்கும். ஒரு சாணுக்கும் குறைவு. வேகத்தில் பத்து சதவீதம் கூடிவிட்டால்? தூரம் 21 சதவீதம் கூடும். பந்து குழியைத் தாண்டி இரண்டு மீட்டருக்கும் அப்பால் போய் நிற்கும். கற்றுக்குட்டியின் கைக்கு ஒரு டிகிரிப் பிசகும் பத்து சதவீதப் பிசகும் சர்வ சாதாரணம். ஒன்று ஒரு சாண் தூர அடுத்த புட்டைத் தருகிறது. மற்றது இரண்டு மீட்டர் தூரத்துத் தலைவலியைத் தருகிறது. த்ரீ-புட் பிறப்பது இந்த இரண்டாவது பிசகில்.

ஆனால் கிரீனில் புதியவர்களைக் கவனியுங்கள். குனிந்து, கண்ணைச் சுருக்கி, ஒரு கண்ணை மூடி, திசையை மட்டும் குறிபார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன். நீளமான புட்டில் திசைக்குக் கொடுக்கும் கவலையை வேகத்துக்குக் கொடுத்திருந்தால் அந்த ஆறில் நாலு த்ரீ-புட்டாவது தப்பியிருக்கும்.

வேகத்தை எதைக்கொண்டு அடக்குவது? தொட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் இழுத்துவிட்டாலும் நிறைய இழுத்துவிட்டாலும் ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். நிறைய இழுத்தால் அடியில் கடக்கும் வேகம் கூடும், அவ்வளவே. நல்ல புட் அடிப்பவரின் தோளும் கையும் அப்படித்தான் ஆடும். மணிக்கட்டு சுண்டாது. பின்னுக்கு இழுக்கும் அளவுதான் தூரத்தைத் தீர்மானிக்கும். 4 மீட்டருக்கு ஒரு சாண் இழுக்கிறீர்கள் என்றால் 16 மீட்டருக்கு இரண்டு சாண் போதும். மேலே சொன்ன வர்க்கக் கணக்கு இங்கே கைகொடுக்கிறது.

குட்டைப் புட்டில் கதை மாறும். ஒரு மீட்டர், இரண்டு மீட்டரில் வேகப் பிசகு பெரிதாகத் தெரியாது. அங்கே திசைதான் ராஜா. திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பந்தைத் தொடும் கணத்தில் புட்டரின் முகம் எங்கே பார்க்கிறது என்பது. 3 மீட்டரில் முகம் ஒரு டிகிரி திரும்பியிருந்தால் பந்து 52 மில்லிமீட்டர் விலகும். குழியின் நடுவிலிருந்து ஓரம் 54 மில்லிமீட்டர்தான்.

சுருக்கிச் சொன்னால்: பந்து முதலில் சறுக்கும், பிறகு உருளும். தூரம் வேகத்தின் வர்க்கம். நீளப் புட்டுக்கு வேகம், குட்டைப் புட்டுக்கு முகம்.

குழி எவ்வளவு பெரிது?

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பழைய கணக்கில் நாலேகால் அங்குலம். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்க் கோல்ஃப் சங்கம் 1891இல் விதியாக்கிய அளவு, இன்றும் உலகமெங்கும் அதுதான். நம் ஊர்க் கணக்கில் நடுத்தரச் சிரட்டையின் வாய். பந்தின் விட்டம் சுமார் 43 மில்லிமீட்டர், ஒரு எலுமிச்சம்பழம். சிரட்டைக்குள் எலுமிச்சை விழ எவ்வளவு இடம் இருக்கிறது என்று தோன்றும்.

ஆனால் அந்தச் சிரட்டை பந்தின் வேகத்துக்கு ஏற்பச் சுருங்கும். குழிக்கு மேல் வந்த பந்து எதிர் விளிம்பைத் தொடுவதற்குள் பாதி உடம்பாவது கீழே இறங்கியிருக்க வேண்டும். வேகமாக வந்தால் இறங்க நேரமில்லை; விளிம்பில் மோதித் தாண்டிவிடும். நட்ட நடுவே வந்தால்கூட நொடிக்குச் சுமார் 1.6 மீட்டர்தான் உச்சவரம்பு. பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடக்கிறோமே, அந்த வேகம். ஓரமாக வரும் பந்துக்கு அதுகூடக் கிடையாது. அதாவது அடக்கி வந்த பந்துக்குக் குழி முழுதாகத் திறந்திருக்கிறது, பாய்ந்து வந்த பந்துக்கு நடுவில் ஒரு கீற்று மட்டும். வேகம் சரியானால் திசைப் பிழையும் ஓரளவு மன்னிக்கப்படுகிறது.

அதற்காகக் குழிக்கு முன்னாலேயே நின்றுவிடும் பந்தும் உதவாது. எட்டாத பந்து எப்படி விழும்? குழியைத் தவறவிட்டால் ஒரு முழம் தாண்டி நிற்கிற வேகம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

வாட்டம் பார்த்தல்

கிரீன் சமமாக இருப்பது அபூர்வம். கண்ணுக்குத் தெரியாத சரிவு இருக்கும். மொட்டை மாடியில் கொத்தனார் மழைநீர்க் குழாயை நோக்கி விடுகிற சரிவை நாம் வாட்டம் என்கிறோம். அதைவிட நல்ல சொல் கோல்ஃபுக்குக் கிடைக்காது. வாட்டத்தால் பந்து வளைவதை பிரேக் என்கிறார்கள். வண்டியின் பிரேக்குக்கும் இதற்கும் உறவு இல்லை.

மாடியில் ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய வேகத்தில் முதலில் நேராகப் போகும். வேகம் குறையக் குறைய வாட்டத்தின் பக்கம் திரும்பும். பந்தும் கடைசி ஒரு மீட்டரில்தான் அதிகம் வளையும். அதனால் குழிக்கு அருகில் உள்ள வாட்டத்தைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். அதோடு, எவ்வளவு வளையும் என்பது எவ்வளவு வேகம் என்பதைப் பொறுத்தது. வேகத்தை முடிவு செய்யாமல் வாட்டம் பார்ப்பது, எத்தனை பேர் சாப்பாட்டுக்கு என்று கேட்காமல் உலை வைப்பது மாதிரி.

புதியவர்கள் வளைவைக் குறைத்தே மதிப்பிடுவார்கள். பந்து குழியின் தாழ்ந்த பக்கமாக நழுவும். தாழ்ந்த பக்கம் போன பந்து குழியை விட்டு விலகிக்கொண்டே இருக்கும். மேட்டுப் பக்கம் போன பந்துக்குக் குழியை நோக்கித் திரும்பும் வாய்ப்பு கடைசி வரை உண்டு. சந்தேகம் வந்தால் மேட்டுப் பக்கம் கூடுதலாகக் குறிவையுங்கள்.

கிரீனின் ஓட்ட வேகத்தையும் அளக்கிறார்கள். எட்வர்டு ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்கர் 1935இல் யோசித்த எளிய கருவி அதற்கு இருக்கிறது: மூன்றடி நீளத் தகரச் சாய்வு மாதிரி ஒன்று. அதிலிருந்து உருட்டிவிட்ட பந்து எத்தனை அடி ஓடுகிறதோ அதுதான் அந்தக் கிரீனின் எண். 8 என்றால் மெது, 12 என்றால் கண்ணாடி. பத்மநாபபுரம் அரண்மனையின் கறுத்த பளபளப்புத் தரையில் அளந்தால் என்ன எண் வரும் என்று எனக்கு ஒரு ஆசை. செருப்பையே வெளியே விடச் சொல்லுகிற இடத்தில் பந்தை யார் விடப்போகிறார்கள்?

கிரீனில் மரியாதை பற்றியும் இரண்டு வரி. அடுத்தவர் பந்துக்கும் குழிக்கும் நடுவே மிதிக்கக் கூடாது. காயப்போட்ட நெல்லைச் சுற்றிக்கொண்டு போவோமே, அப்படி. குழியில் நிற்கும் கொடிக்கம்பை எடுக்காமலே புட் அடிக்க 2019 முதல் விதி இடம் தருகிறது.

வீட்டில் என்ன செய்யலாம்

மொசைக் தரையில் பந்து நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அதன்மேல் ஜமுக்காளத்தை மடிப்பில்லாமல் விரித்தால் சுமாரான கிரீன் தயார். குழி வேண்டாம். ஒரு மீட்டர், இரண்டு, மூன்று என்று நூல் கிடத்தி, இரண்டாவது நூலைத் தாண்டி மூன்றாவதைத் தொடாமல் பந்தை நிறுத்திப் பழகுங்கள். பத்தில் ஏழு நின்றால் நூல்களை நெருக்கி வையுங்கள். நான் ஒரு மழைக்காலம் முழுக்க இதை மட்டும் செய்தேன். அடுத்த முறை கவடியாரில் 19 புட், த்ரீ-புட் ஒன்றே ஒன்று. ஓங்கி அடிக்கும் அடிகளில் ஒரு முன்னேற்றமும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குட்டைப் புட்டுக்குக் குழி தேவைப்பட்டால் இரும்புக் கடையில் நாலு இஞ்ச் பிவிசி குழாய்த் துண்டு கேளுங்கள். அதன் வெளி விட்டம் 110 மில்லிமீட்டர். அதைத் தரையில் வைத்துச் சுற்றிப் பென்சிலால் வரைந்தால் ஏறக்குறைய விதிப்படி உள்ள குழியின் வட்டம் கிடைத்துவிடும்.

போன விடுமுறையில் வந்த அக்கா மகன் மொட்டை மாடியில் நான் நூல் கிடத்துவதைப் பார்த்துவிட்டு, “சும்ம தட்டுனா போதாதா மாமா? இதுக்கு என்னத்துக்கு இம்புட்டு யோசனை?” என்றான். “நீயே தட்டு மக்கா” என்று புட்டரைக் கொடுத்தேன். ஓங்கித் தட்டினான். பந்து மூன்று நூலையும் கடந்து கைப்பிடிச் சுவரில் மோதித் திரும்பி, வேகம் செத்து, கொத்தனார் விட்ட வாட்டத்தில் மெல்ல வளைந்து, மூடி உடைந்த மழைநீர்க் குழாயின் நாலு இஞ்ச் வாய்க்குள் போய் விழுந்தது. கடகடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. கீழே முற்றத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது: “எவம்லே அது, மேல இருந்து எலுமிச்சங்கா எறியது?”